அறிவுரைக் குழுவுக்கு ஒரு தலைவர்

அரசனுக்கு இடித்துரைக்கும் துணை வேண்டும் என்பது நம் முன்னோர் கண்ட நெறி. முடியாட்சி மறைந்து குடியாட்சி வந்த பிறகும் அத்தேவை மறைந்துவிடவில்லை. வேலையற்றோருக்கும் நோயுற்றோருக்கும் முதியோருக்கும் அரசு அளிக்கும் உதவியை ஆராய்ந்து, குறை கண்டவிடத்துக் குறை கூறுவதற்கென்றே குழுக்களை அமைத்திருக்கும் நாடுகள் உண்டு. ஆனால் இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. இடித்துரைக்க வேண்டியவரை நியமிப்பவர் யார்? எவருக்கு இடித்துரைக்க வேண்டுமோ அவரேதான்! அமைச்சரின் திட்டத்தை எடைபோட ஒரு குழு. அக்குழுவின் தலைவரைத் தேர்ந்தெடுப்பவரோ அதே அமைச்சர். இவ்வாறு பிறந்த குழு தன்னுரிமையுடன் இயங்குவது எங்ஙனம்?

இவ்வினாவுக்கு இங்கிலாந்தின் வரலாற்றில் ஒரு விடை இருக்கிறது. 1934-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஒரே சட்டத்தின் கீழ் அங்கே இரு அமைப்புகள் தோன்றின. இரண்டிற்கும் அரசே தலைவர்களை நியமித்தது. ஒன்று ஒரு மாதத்திற்குள் ஊரார் சீற்றத்திற்கு இலக்காயிற்று. மற்றொன்று பத்தாண்டுக் காலம் மதிப்புடன் விளங்கியது. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் என்ன என்பதையே இன்று ஆராய விரும்புகிறேன்.

முதலில் அச்சட்டம் பிறந்த சூழ்நிலையைக் காண்போம். வேலையிழந்த தொழிலாளிக்கு உதவும் இன்ஷூரன்ஸ் திட்டம் இங்கிலாந்தில் 1911-இல் சட்டமாயிற்று. தொழிலாளி வாரந்தோறும் சிறு தொகை செலுத்துவார். முதலாளி ஒரு பங்கும் அரசு ஒரு பங்கும் சேர்க்கும். இம்மூன்றும் கூடிய நிதியிலிருந்து, வேலை போன காலத்தில் தொழிலாளிக்கு வாராந்தர உதவி கிடைக்கும். முதல் உலகப் போருக்குப் பின் வந்த நெடிய வேலையில்லாத் திண்டாட்டம் இக்கணக்கைக் குலைத்துவிட்டது. நிதிக்கு வரும் பணம் குறைந்தது. வெளியே செல்லும் பணம் பெருகியது. அரசு கடன் கொடுத்துக்கொண்டே சென்றது. அக்கடன் 10 கோடிப் பவுனையும் தாண்டிற்று.

1931-இல் நெருக்கடி முற்றியது. சர் ஜார்ஜ் மே என்பவரின் தலைமையில் அமைந்த குழு, வேலையற்றோருக்கான உதவியை நூற்றுக்கு 20 வீதம் வெட்ட வேண்டும் என்று பரிந்துரைத்தது. தொழிற்கட்சி அமைச்சரவை நூற்றுக்கு 10 வீதம் வெட்டுவதைப் பற்றியே ஆகஸ்டு மாதத்தில் இரண்டுபட்டது. வெட்டலாம் என்றவர் 11 பேர். கூடாது என்றவர் 9 பேர். மறுநாள் அந்த அமைச்சரவையே வீழ்ந்தது. பின்னர் வந்த தேசிய அரசு வெட்டை நிறைவேற்றியது.

நூற்றுக்கு 10 என்பது ஏட்டிலே ஓர் எண். வீட்டிலே அதன் பொருள் யாது? கணவன், மனைவி, மூன்று குழந்தைகள் கொண்ட குடும்பம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். கணவனுக்கு 17 ஷில்லிங், மனைவிக்கு 9, குழந்தை ஒன்றுக்கு 2 ஆக, வாரம் 32 ஷில்லிங் அக்குடும்பத்திற்குக் கிடைத்து வந்தது. வெட்டுக்குப் பின் கணவனுக்கு 15 ஷில்லிங் 3 பென்ஸ், மனைவிக்கு 8 ஷில்லிங். ஆக மொத்தம் 29 ஷில்லிங் 3 பென்ஸ். 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுன் என்பதை நினைவிற்கொண்டால், அக்குடும்பம் இழந்தது எவ்வளவு என்பது விளங்கும். வாரம் ஒன்றரைப் பவுனுக்கும் குறைவான தொகையில் வாடகையும் நிலக்கரியும் ரொட்டியும் அடங்க வேண்டும். 1933-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வேலையற்றோர் தொகை ஏறத்தாழ 30 லட்சம்.

இத்தகைய முடிவுகளை அமைச்சரவையின் அவசரத்திற்கும் தேர்தல் காலத்து வாக்குறுதிகளுக்கும் விட்டுவிடலாகாது என்ற எண்ணம் அப்பொழுது வலுப்பெற்றது. அதன் பயனாக 1934-ஆம் ஆண்டின் வேலையில்லாமைச் சட்டம் வந்தது. இன்ஷூரன்ஸ் உரிமை உடையவர்களின் நிதியை மேற்பார்வையிட்டு அறிவுரை கூற ஒரு சட்டபூர்வக் குழு. அவ்வுரிமை தீர்ந்துபோனவர்களுக்கு நேரே உதவி வழங்க ஓர் உதவி வாரியம். இவ்விரண்டையும் அச்சட்டம் படைத்தது.

வாரியத்தின் தலைவராக வந்தவர் சர் ஹென்றி பெட்டர்டன். அவர் வேறு யாருமல்லர். அச்சட்டத்தைப் பாராளுமன்றத்தில் கொண்டுவந்த தொழிலாளர் துறை அமைச்சரே அவர். அமைச்சர் பதவியை விட்டு வாரியத்தின் தலைமையை ஏற்றார். அவ்வாரியம் வகுத்த உதவி விகிதங்கள் 1934 டிசம்பரில் பாராளுமன்றத்தின்முன் வைக்கப்பட்டன. உறுப்பினர்கள் அவற்றை அப்படியே ஏற்கலாம், அல்லது தள்ளலாம். ஓர் எழுத்தையும் திருத்த இயலாது. 1935 ஜனவரி 7 அன்று அவை நடைமுறைக்கு வந்தன. வீட்டில் மகனோ மகளோ சம்பாதித்தால் தந்தையின் உதவித்தொகை அதற்கேற்பக் குறைக்கப்பட்டது. உள்ளூர் மன்றங்கள் முன்பு சற்று இரக்கத்துடன் கொடுத்துவந்த இடங்களில் எண்ணற்ற குடும்பங்கள் முன்னிலும் குறைவாகப் பெற்றன. தென் வேல்ஸ் பள்ளத்தாக்குகளில் மக்கள் திரள் திரளாக ஊர்வலம் சென்றனர். மெர்தர் டிட்வில் என்னும் ஊரில் பெண்கள் வாரியத்தின் அலுவலகத்திற்குள் புகுந்துவிட்டனர். பிப்ரவரி 5 அன்று அரசு பின்வாங்கிற்று. பழைய விகிதம், புதிய விகிதம் இரண்டில் எது மிகுதியோ அதையே வழங்குமாறு ஆணை பிறந்தது.

இனி மற்றைய குழுவை நோக்குவோம். அதற்குத் தலைவராக நியமிக்கப் பெற்றவர் சர் வில்லியம் பெவரிட்ஜ். அவர் 1879-இல் வங்காளத்தின் ரங்கபுரியில் பிறந்தவர். தந்தையார் இந்திய சிவில் சர்வீசில் நீதிபதி. தாயார் ஆனெட், பாபரின் வரலாற்று நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். ஆக்ஸ்போர்டில் பயின்ற பெவரிட்ஜ், கிழக்கு லண்டனின் ஏழை மக்களிடையே பணிபுரிந்த டாயின்பி இல்லத்தில் சில காலம் இருந்தார். 1909-இல் வேலையில்லாமையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1910-இல் திறக்கப்பட்ட வேலைவாய்ப்பு நிலையங்களை அமைப்பதில் பெரும் பங்கு கொண்டார். 1934-இல் அவர் லண்டன் பொருளாதாரக் கல்லூரியின் தலைவர். அப்பதவியில் இருந்துகொண்டே குழுவின் தலைமையையும் ஏற்றார்.

அவரை ஏழைகளின் தோழர் என்று அன்று எல்லாரும் கொண்டாடினார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். வரம்பின்றி உதவி வழங்குவது நாட்டிற்குத் தீங்கு என்று எழுதியவர் அவர். பிறருடன் இணங்கிச் செல்லும் இயல்பும் அவருக்குக் குறைவு. செலவைச் சுருக்க விரும்பிய அரசு, சிக்கனத்தை வற்புறுத்திய அறிஞர் ஒருவரைத் தேர்ந்தெடுத்தது என்று ஐயுற இடமிருந்தது. அவர் தலைமையில் நிகழ்ந்ததோ வேறு.

1935-இல் தொழில்கள் சற்றே தலையெடுத்தன. நிதியில் மிச்சம் தோன்றியது. அம்மிச்சத்தை என் செய்வது? உதவித்தொகை உயர வேண்டும் என்பது தொழிலாளர் தரப்பின் கோரிக்கை. சந்தாவைக் குறைத்தால் முதலாளியின் சுமை குறையும். கடனை விரைவில் அடைத்தால் கருவூலம் மகிழும். குழு எல்லாத் தரப்பினரின் கருத்துக்களையும் கேட்டது. கணக்கை எடுத்து வைத்தது. தன் முடிவைக் காரணங்களுடன் வெளியிட்டது. முதலில் குழந்தைக்கு வழங்கும் 2 ஷில்லிங்கை 3 ஆக உயர்த்துக என்றது. சந்தா செலுத்திய தொழிலாளியின் குழந்தைக்கு, உரிமை தீர்ந்து வாரியத்திடம் உதவி பெறுபவனின் குழந்தையைவிடக் குறைவாகக் கிடைத்து வந்தது; இம்முறைகேட்டை நீக்குவதே முதற் கடமை என்று அது கருதியது. அமைச்சர் அதை ஏற்றார். நாம் முன்பு கண்ட குடும்பத்திற்கு இப்பொழுது வாரம் 35 ஷில்லிங். அடுத்த ஆண்டு, தொழிலாளி, முதலாளி, அரசு என்னும் மூவரும் தனித்தனியே செலுத்திவந்த 10 பென்ஸ் சந்தா 9 பென்ஸ் ஆயிற்று. எஞ்சியதைக் கெட்ட காலத்திற்கென்று சேமித்து வைக்குமாறும் குழு வற்புறுத்தியது. அது 1931-இன் பாடத்தை மறக்கவில்லை.

ஒரு ஷில்லிங் பெரிய தொகையன்று. ஆயினும் நான்கு ஆண்டுகளுக்கு முன் ஓர் அமைச்சரவையையே பிளந்த பொருளில், சண்டையின்றி முடிவு காண முடிந்தது என்பது சிறிய செய்தியும் அன்று. இதற்குக் காரணம் பெவரிட்ஜின் தனித்திறமை மட்டும்தானா? அன்று என்பதே என் கருத்து. பெட்டர்டனின் நேர்மையிலும் குறை காண்பதற்கில்லை. சட்டம் அவ்விருவரையும் நிறுத்திய இடங்களே வேறு.

பெவரிட்ஜின் குழு யாருக்கும் பணம் வழங்கவில்லை. யாருடைய வீட்டிலும் நுழைந்து வருமானத்தை விசாரிக்கவில்லை. அறிவுரை கூறுவது ஒன்றே அதன் வேலை. அவ்வறிவுரையை மூன்று வேலிகள் காத்தன. முதலாவது, ஆண்டுதோறும் நிதியின் நிலையை ஆராய்ந்து அறிக்கை தரவேண்டும் என்று சட்டமே கட்டளையிட்டது. அமைச்சர் விரும்பியபோது மட்டும் கேட்டுப் பெறும் அறிவுரையன்று அது. இரண்டாவது, அமைச்சர் விதிகளை வகுக்குமுன் அவற்றின் நகலைக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். குழு அதைப் பொதுமக்கள் அறியச் செய்து, ஆட்சேபங்களைக் கேட்க வேண்டும். மூன்றாவது, குழுவின் அறிக்கையைப் பாராளுமன்றத்தின்முன் வைத்தே தீரவேண்டும். அதிலிருந்து அமைச்சர் விலகினால் காரணம் கூற வேண்டும். அமைச்சர் குழுவை மீறலாம். ஆனால் மௌனமாக மீற முடியாது. இம்மூன்றில் கடைசி வேலியே மிக வலியது என்று நான் கருதுகிறேன்.

வாரியத்தின் நிலை இதற்கு மாறானது. அரசியலிலிருந்து அதை விலக்கி வைக்க வேண்டும் என்று விரும்பிய நிதியமைச்சர் நெவில் சேம்பர்லினும் பிறரும், மக்களின் வினாக்களிலிருந்தும் அதை விலக்கி வைத்துவிட்டனர். திருத்த முடியாத விதிகள் வீட்டு வாயிலுக்கு வந்தபோது, வினா எழுப்ப மக்களுக்குத் தெருவைத் தவிர வேறு இடம் இருக்கவில்லை. தன்னுரிமை என்பது பதில் கூறாமல் இருக்கும் உரிமையன்று என்பதை அந்தப் பிப்ரவரி மாதம் காட்டியது.

பெவரிட்ஜின் குழுவுக்கும் எல்லைகள் இருந்தன. நிதியில் என்ன உண்டோ அதற்குள்தான் அது பேச முடிந்தது. குழந்தைக்கு வழங்கும் தொகை உயர உயர, குறைந்த கூலி பெறும் பெருங்குடும்பத்தான் வேலை செய்யும் நாளைவிட வேலையற்ற நாளில் மிகுதியாகப் பெறும் நிலை நெருங்கியது. தந்தைக்கு வேலை இருப்பினும் இல்லாவிடினும் குழந்தைக்கு உதவி வேண்டும் என்பதே இதற்கு நேரிய தீர்வு. ஆனால் அதைக் கூற அக்குழுவுக்கு அதிகாரமில்லை.

அதைக் கூறும் வாய்ப்பு அவருக்குப் பின்னர் வாய்த்தது. 1941 ஜூனில் சமூக இன்ஷூரன்ஸ் திட்டங்களை ஆராய மற்றொரு குழு அமைக்கப்பட்டு, பெவரிட்ஜ் தலைவரானார். உறுப்பினர்களோ பல்வேறு துறைகளின் அதிகாரிகள். அறிக்கை அரசின் கொள்கையையே தொடும் என்று தெரிந்ததும், 1942 ஜனவரியில் அரசு அவ்வதிகாரிகளைக் கருத்துரைப்போர் என்ற நிலைக்கு மாற்றியது. அறிக்கையில் பெவரிட்ஜ் ஒருவரே கையெழுத்திட வேண்டும் என்று முடிவாயிற்று. பொறுப்பைத் தட்டிக்கழிக்க அரசு செய்த ஏற்பாடு அவருக்கு முழு உரிமையை அளித்துவிட்டது! 1942 டிசம்பர்த் தொடக்கத்தில் வெளிவந்த அவ்வறிக்கையின் பிரதிகள் லட்சக்கணக்கில் விற்பனையாயின. குழந்தைகளுக்கான உதவியை அதன் அடிப்படைகளுள் ஒன்றாக அவர் வைத்தார். 1945-இல் அது சட்டமாயிற்று. இந்தியத் தொழிலாளருக்காகப் பேராசிரியர் அடார்க்கர் 1944-இல் திட்டம் ஒன்று வகுத்தபோது, அவரைச் 'சின்ன பெவரிட்ஜ்' என்று அழைத்தனர். அத்திட்டத்தின் வழியே வந்ததுதான் 1948-ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசு இன்ஷூரன்ஸ் சட்டம்.

1934-ஆம் ஆண்டின் அறிவுரைக் குழுவும் மரபின்றி மறையவில்லை. 1946-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தேசிய இன்ஷூரன்ஸ் ஆலோசனைக் குழுவும், 1980-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சமூகப் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவும் அதன் வழித்தோன்றல்களாக வந்தன. தலைவரை நியமிப்பவர் பின்னும் அமைச்சரே. ஆயினும் 1995-இல் பொது நியமனங்களைக் கண்காணிக்க ஓர் ஆணையர் ஏற்பட்டபின், இத்தகைய பதவிகளை வெளிப்படையாக விளம்பரம் செய்து, தகுதியை ஆராய்ந்து, அதன்பின் நியமிப்பது வழக்கமாயிற்று.

மாணவர்களாகிய நீங்கள் நாளை செய்தித்தாளில் ஒரு குழுவின் தலைவர் நியமனத்தைப் பற்றிப் படிப்பீர்கள். அவர் யார், எந்தக் கட்சிக்கு நெருங்கியவர் என்ற பேச்சே எங்கும் கேட்கும். அவ்வினா தேவையற்றதன்று. ஆனால் அத்துடன் நிறுத்திவிடாதீர்கள். அவர் கூறுவது வெளியாகுமா? அதைக் கூறுமுன் பாதிக்கப்படுவோரின் குரலை அவர் கேட்டாக வேண்டுமா? அமைச்சர் அதைத் தள்ளினால் காரணம் கூறவேண்டுமா? இம்மூன்றையும் கேளுங்கள். மூன்றிற்கும் விடை 'ஆம்' என்றிருப்பின், அரசு நியமித்தவரும் அரசுக்கு இடித்துரைக்க முடியும். விடை 'இல்லை' என்றிருப்பின், எத்துணைச் சிறந்த அறிஞரை அப்பதவியில் அமர்த்தினும், அவர் சொல் அமைச்சரின் மேசையறையைத் தாண்டி வராது.