மழையளந்த சிறுவர்

எவ்வளவு மழை பெய்தது என்று கேட்டால் நம் உழவர், "ஓர் உழவு மழை" என்பர். ஏர் இறங்கும் அளவிற்கு மண் நனைந்தது என்பது அதன் பொருள். உழவனுக்கு அது போதும். ஆனால், காய்ந்து வெடித்த நிலத்திலும் முன்பே ஈரம் ஊறிய நிலத்திலும் ஒரே மழை ஒரே ஆழம் இறங்குவதில்லை.

கொரியா நாட்டினரும் ஒரு காலத்தில் மண்ணில் ஈரம் இறங்கிய ஆழத்தைக் கொண்டே மழையைக் கணித்தனர். சேஜோங் மன்னன் காலத்தில், 1441ஆம் ஆண்டில், பட்டத்து இளவரசன் அரண்மனையில் செம்புக் கலம் ஒன்றை வைத்து, அதில் தேங்கிய நீரை அளந்தான் என்று அந்நாட்டு அரசவைக் குறிப்பு கூறுகின்றது. மறு ஆண்டே கலத்தின் அளவு வரையறுக்கப்பட்டது. ஊர்தோறும் மழை தொடங்கிய நேரம், ஓய்ந்த நேரம், நீரின் ஆழம் ஆகியவற்றை எழுதியனுப்ப ஆணை பிறந்தது. நம் நாட்டில் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே அர்த்தசாத்திரம், பண்டகசாலையின் முன் ஒரு முழ அகல வாயுடைய கலத்தை மழை அளக்க வைக்குமாறு கூறியிருக்கிறது. சென்னை வானாய்வுக் கூடத்தில் 1796 முதல் வானிலைக் குறிப்புகள் எழுதப்பட்டன.

இவ்வரலாற்றைச் சொல்லிவிட்டு, 1993இல் என் ஏழாம் வகுப்பு மாணவரைக் கொண்டு ஒரு மழைமானி செய்வித்தேன். ஐந்து சென்டிமீட்டர் குறுக்களவுள்ள நேரான கண்ணாடிக் குப்பி. அதன்மேல் பத்து சென்டிமீட்டர் வாயுடைய தகரப் புனல். சுவரும் மரமும் மறைக்காத இடத்தில் அதனை நிறுத்தினோம். புனல் இரு மடங்கு அகலமாயின் குப்பியில் நீரும் இரு மடங்குதானே உயரும் என்று பிள்ளைகள் வாதிட்டனர். தாளில் சதுரங்களை வரைந்து எண்ணிய பிறகே, பரப்பு நான்கு மடங்கு என்பதை ஒப்பினர். ஒரு மில்லிமீட்டர் மழை குப்பியில் நான்கு மில்லிமீட்டராக நிற்கும். சிறு தூறலையும் அளக்க இது வசதி.

நாள்தோறும் காலை எட்டரை மணிக்கு ஒரு மாணவன் அளந்தெழுதுவான். மழையில்லா நாளில் சுழியம் எழுத வேண்டும். இதில்தான் பிள்ளைகள் சோர்ந்தனர்!

ஐப்பசியில் ஒருநாள், முந்தைய மாலை இடிமழைக்குப் பின், ஒரு சிறுவன் 31 மில்லிமீட்டர் என்று எழுதியிருந்தான். ஒரு கல் தொலைவிலிருந்த அரசு மழைமானியில் 12 என்று கேள்விப்பட்டேன். பையன் தவறிழைத்தான் எனக் கொண்டு, சிவப்பு மையால் அடித்து 12 என்று திருத்தினேன். அவன் சிறிது நேரம் நின்றான்.

"ஐயா, தண்ணீரை நான் இன்னும் கொட்டவில்லை" என்றான்.

ஆய்வுக்கூடத்து அளவுக் குழாயை எடுத்துவரச் செய்தேன். 31 மில்லிமீட்டர் மழையானால் அப்புனலில் ஏறக்குறைய 243 மில்லிலிட்டர் நீர் விழுந்திருக்க வேண்டும். வகுப்பு முழுவதும் சூழ்ந்து நிற்க, நீரை ஊற்றினேன். இருநூற்று நாற்பதைத் தாண்டி நின்றது. மாலை இடிமழை ஒரு கல் தொலைவுக்குள்ளேயே இவ்வளவு வேறுபடும் என்பதைப் பாடமாக நடத்தியவனே நான். ஆயினும் என் மாணவன் கண்ணைவிட அலுவலகத்து எண்ணை நம்பினேன்.

அந்தக் குறிப்பேடு இன்றும் என்னிடம் உள்ளது. அப்பக்கத்தில் 12 அடிக்கப்பட்டு, மேலே 31 என்றும், அருகில் என் கையொப்பமும் இருக்கின்றன.