சரிவும் பாரமும்: அப்புத்தளை குறித்து ஒரு நோக்கு

விசையொன்றை ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு கூறுகளாகத் துணித்து நோக்கும் முறை உற்பத்தித் தேவைகளோடு பிணைந்து வளர்ந்ததாகும். சைமன் ஸ்டெவின் 1586இல் சாய்தளத்துப் பாரத்தை ஆராய்ந்தமை ஒல்லாந்தில் வணிகமும் நீர்ப்பணிகளும் பெருகிய சூழலிலேயே என்பது மனங்கொளத்தக்கது.

அப்புத்தளையை நோக்குவோம். மலையகப் புகையிரதப் பாதை 1867இற் கண்டியையும், 1885இல் நானுஓயாவையும், 1893இல் அப்புத்தளையையும், 1924இற் பதுளையையும் அடைந்தது. கோப்பித் துரைமார் வேண்டிநின்ற பாதை, 1869இல் தோன்றிய இலைநோயாற் கோப்பி அழிந்தபின், தேயிலையைச் சுமப்பதாயிற்று. மலைப்பகுதியில் அதன் சரிவு 44இற்கு 1 என வரையறுக்கப்பட்டது; அதாவது ஏறத்தாழ 1.3 பாகை. பாரத்தைச் சரிவுக் கோணத்தின் சைனாற் பெருக்கப் பின்னிழுக்கும் கூறும், கோசைனாற் பெருக்கத் தண்டவாளத்தை அழுத்தும் கூறும் கிடைக்கும். இவ்வாறு 220 தொன் வண்டித்தொடரை 5 தொன் பாரம் பின்னிழுக்கும். எஞ்சினின் ஆற்றலுக்கு இக்கூறு மிகாதிருக்கவே பாதை மலையைச் சுற்றியும் குடைந்தும் நீண்டது. தெமோதரையில் அது வளைந்து தன் நிலையத்தின் அடியிலேயே சுரங்கவழிச் செல்கின்றது.

எஞ்சினுக்குக் கிடைத்த இச்சலுகை கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. 1890இல் லிப்டன் வாங்கிய தோட்டங்களுள் ஒன்றான தம்பேத்தன்னை போன்ற இடங்களில் மலைகள் செங்குத்தானவை. தலையிற் கயிறிட்டு முதுகிற் சுமக்கும் கூடையில் 20 கிலோ கொழுந்து இருப்பதாகவும், சரிவு 30 பாகை எனவும் கொள்வோம். சரிவுவழிக் கூறு 10 கிலோப் பாரம். தளத்தை அழுத்தும் கூறு ஏறத்தாழ 17.3. (இரண்டையுங் கூட்ட 20 வராமை கண்டு மாணவர் மருள்வதுண்டு, வர்க்கங்களைக் கூட்டினாலே 400 வரும்.) அவளது உடற்பாரத்தின் பாதியும் அவ்வாறே பின்னிழுக்கும்.

நிறுக்குமிடத்துத் தராசு 20 கிலோவையே காட்டும். ஏறிய உயரம் அதிற் பதியாது. இதனை வெறும் அறியாமை எனல் பொருந்தாது. எஞ்சின் எரிக்கும் நிலக்கரிக்கு விலையுண்டு. ஆகவே அதன் சரிவு கணிக்கப்பட்டது. பெண்ணின் மேல்மூச்சு எக்கணக்கேட்டிலும் செலவாக எழுதப்படவில்லை.

திசையும் பருமனும் உடைய கணியத்தைத் தமிழகத்தார் திசையன் என்பர். இலங்கைப் பாடநூல்கள் காவி என்கின்றன. காவுதல் சுமத்தலே. ஆயின் தலைமுறைகளாகக் காவியோரின் பிள்ளைகளுக்கு அச்சொல் நெடுங்காலம் எட்டவில்லை. தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் ஆரம்ப வகுப்புகளோடு நின்றன. 1970களிலேயே அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. திரிகோணகணிதமோ அவ்வகுப்புகளுக்கு அப்பாற்பட்ட பாடம்.