சின்னக் கலைவாணர்: பெருங்கோட்டூரிலிருந்து நடுவர் நாற்காலி வரை

குற்றாலத்துக்குச் சீசனில் போனவர்கள் மெயின் அருவி, ஐந்தருவி, நேந்திரம் சிப்ஸ், துண்டு, எண்ணெய் மசாஜ்... இவற்றோடு திரும்பி விடுவார்கள். அங்கே கலைவாணர் அரங்கம் என்று ஒன்று இருப்பதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். சாரல் திருவிழா நிகழ்ச்சிகள் நடக்கிற இடம் அது. நாகர்கோவில்காரரான என்.எஸ்.கிருஷ்ணனின் (1908–1957) பட்டப்பெயர் அருவிக்கரையில் ஓர் அரங்கத்தின் பெயராக நிற்கிறது.

அந்தக் கலைவாணருக்கு முன்னால் "சின்ன" சேர்த்து ஒருவரைத் தமிழ்நாடு கூப்பிட்டதே, அவருடைய சொந்த ஊரும் இன்றைய தென்காசி மாவட்டம்தான். சங்கரன்கோவில் பக்கம் பெருங்கோட்டூர். 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து தென்காசி தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டபோது அந்தப் பகுதி தென்காசியோடு வந்தது. குற்றாலத்தில் ஜூன் மாதம் சாரல் அடிக்கும்போது சங்கரன்கோவில் பக்கம் காற்று மட்டும்தான் வீசும். மழைக்கு ஐப்பசி வரை காத்திருக்க வேண்டும். ஒரே மாவட்டத்துக்குள் இப்படி இரண்டு உலகம். இந்த வறண்ட பக்கத்து மனிதர்தான் பிற்காலத்தில் மரம் நடக் கிளம்பினார் என்பதை ஒரு ஓரமாக நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

விவேகானந்தன். பிறந்தது 1961 நவம்பர் 19. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வணிகவியல் படித்தவர் (பி.காம். நண்பர்கள் காலரைத் தூக்கி விட்டுக் கொள்ளலாம்!). படிப்பு முடிந்ததும் எல்லா பி.காம். வீட்டிலும் நடப்பதுதான் அங்கேயும் நடந்தது. மதுரையில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை, அப்புறம் அரசுத் தேர்வு எழுதிச் சென்னைத் தலைமைச் செயலகத்தில் வேலை. சம்பளம், பென்ஷன், பாதுகாப்பு. வரவு செலவுக் கணக்கு போட்டுப் பார்த்தால் இதை விட்டுவிட்டு யாரும் சினிமாவுக்குப் போக மாட்டார்கள்.

ஆனால் சாயங்காலம் என்று ஒன்று இருக்கிறதே. மெட்ராஸ் ஹ்யூமர் கிளப் என்ற நகைச்சுவை மன்றத்தில் மேடையேறி ஜோக் சொல்ல ஆரம்பித்தார். இன்று 'ஸ்டாண்ட்-அப்' என்று டிக்கெட் போட்டு விற்கிற சமாச்சாரத்துக்கு அன்று காசும் கிடையாது, பெரிய பெயரும் கிடையாது. கிடைத்தது ஓர் அறிமுகம். மன்றத்தை நடத்திய பி.ஆர்.கோவிந்தராஜன் அவரை இயக்குநர் கே.பாலசந்தரிடம் அழைத்துப் போனார். 'மனதில் உறுதி வேண்டும்' (1987) படத்தில் சின்ன வேடம் கிடைத்தது. 'புதுப்புது அர்த்தங்கள்' (1989) படத்தில் அவர் சொன்ன ஒரு வசனம் ஊர் வாயில் ஒட்டிக் கொண்டது.

ஒட்டிக் கொண்டாலும் உடனே உச்சிக்குப் போய்விடவில்லை. 90கள் கவுண்டமணி–செந்தில் காலம். பிறகு வடிவேலு வந்தார். விவேக் என்ற பெயர் போஸ்டரில் தனியாக எடுபட ஏறக்குறைய பத்து வருடம் ஆனது. இந்தப் பத்து வருடத்தைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. வெற்றிக் கதையில் இதெல்லாம் ஒரு வரியில் போய்விடும்.

2000க்குப் பிறகு வந்த படங்களைப் பாருங்கள். 'மின்னலே' (2001), 'ரன்' (2002), 'தூள்', 'சாமி', 'பார்த்திபன் கனவு' (மூன்றும் 2003), 'பேரழகன்' (2004), 'அந்நியன்' (2005), 'சிவாஜி' (2007). 'ரன்' படத்தில் ஊரிலிருந்து சென்னைக்கு வந்து ஒவ்வொருவரிடமாக ஏமாறுகிற அப்பாவி. காக்கா பிரியாணி என்று சொன்னால் இன்றைக்கும் சிரிக்காதவர் உண்டா? மெயின் கதையை மறந்தவர்கள்கூட அந்த டிராக்கை வரிசை மாறாமல் சொல்வார்கள்.

'டிராக்' என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கதாநாயகன் கதை ஒரு பக்கம் ஓட, காமெடியனுக்குத் தனியாக ஒரு குட்டிக்கதை இன்னொரு பக்கம் ஓடும். இது என்.எஸ்.கே. காலத்துப் பழக்கம். அவரும் டி.ஏ.மதுரமும் தங்கள் பகுதியைத் தனியாகத் தயாரித்துப் படத்தோடு சேர்த்த காலம் உண்டு. அதில் ஒரு வசதி: கதாநாயகன் சொல்ல முடியாததைக் காமெடியன் சொல்லலாம். என்.எஸ்.கே. மதுவிலக்கையும் படிப்பையும் சொன்னது இந்த வழியில்தான். விவேக் அதே சந்தைப் பிடித்துக் கொண்டார். 'திருநெல்வேலி' (2000) படத்தில் லாரிக்கு எலுமிச்சம்பழம் கட்டுகிற பழக்கத்தைக் கிண்டல் செய்கிற காட்சி ஒன்று போதும். வண்டிக்குள் நூற்றுக்கணக்கான பாகங்களைப் போட்டு ஓட்டுகிறவன் பழத்தை நம்புகிறானே என்று கேட்டதும் தியேட்டரே சிரித்தது. சிரித்துவிட்டு வெளியே வந்து தன் வண்டிக்குப் பழம் கட்டினவர்களும் இருப்பார்கள், அது வேறு விஷயம். சாதி, லஞ்சம், பேய் ஓட்டுதல், மூடநம்பிக்கை என்று அவர் தொடாத ஏரியா இல்லை. "சின்னக் கலைவாணர்" பட்டம் அங்கிருந்து வந்ததுதான்.

எல்லாமே தங்கம் என்று சொல்ல வரவில்லை. பெண்களையும் உருவத்தையும் கேலி செய்து ஓட்டிய காட்சிகளும் அவர் கணக்கில் உண்டு. சில இடங்களில் அறிவுரை ஜோக்கை மிதித்துவிடும். ஆனாலும் மக்கள் பொறுத்துக் கொண்டார்கள். திட்டுகிற வாத்தியாரைவிடச் சிரிக்க வைத்துத் திட்டுகிற வாத்தியார் மேல் இல்லையா!

2009ல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனால் அப்போதே காற்று மாறிக் கொண்டிருந்தது. தனி டிராக் வழக்கம் தேய ஆரம்பித்தது. விஜய் டிவியின் 'லொள்ளு சபா'விலிருந்து சந்தானம் வந்தார். அதே டிவியின் 'கலக்கப் போவது யாரு' மேடையில் போட்டியாளராக ஏறிய சிவகார்த்திகேயன் தொகுப்பாளராகி, அங்கிருந்து கதாநாயகனாகவே போய்விட்டார். கவனித்தீர்களா, பாதை தலைகீழாகிவிட்டது. முன்பு சினிமாவில் பெயர் வாங்கியவர் டிவிக்கு வருவார். இப்போது டிவியில் மைக் பிடித்தவர் சினிமாவுக்குப் போகிறார். விவேக் முதல் வகை.

மைக் பிடிப்பது அவருக்குப் புதிதில்லை. அப்துல் கலாமையே தொலைக்காட்சிக்காகப் பேட்டி கண்டவர். நகைச்சுவை நடிகர் விஞ்ஞானியைக் கேள்வி கேட்பதா என்று அன்று சிலருக்கு வியப்பு. ஆனால் அந்தப் பழக்கம் அவர் வாழ்க்கையின் மறுபாதியையே மாற்றியது. மரம் நடச் சொல்லிக் கலாம் கேட்டார், 'கிரீன் கலாம்' என்ற பெயரில் இவர் கிளம்பிவிட்டார். இலக்கு ஒரு கோடி மரக்கன்று. பள்ளி பள்ளியாக, கல்லூரி கல்லூரியாகப் போனார். 2021ல் எண்ணிக்கை 33 லட்சத்தைத் தாண்டியிருந்ததாகச் செய்திகள் சொல்லின. நட்டதெல்லாம் பிழைத்ததா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு காமெடி நடிகர் பேச்சைக் கேட்டு மாணவர்கள் வரிசையில் நின்று குழி தோண்டினார்கள் என்பதும் நடந்த விஷயம்.

2015 கொடுமையான வருடம். ஜூலையில் கலாம் போனார். அக்டோபரில் விவேக்கின் 13 வயது மகன் காய்ச்சலில் இறந்தான். அதற்குப் பிறகும் அந்த மனிதர் மரம் நடுவதை நிறுத்தவில்லை, நடிப்பதையும் நிறுத்தவில்லை. 'வெள்ளைப் பூக்கள்' (2019) படத்தில் ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரியாகச் சிரிக்காமலே நடித்தார்.

அப்புறம் வந்தது அமேசான் பிரைமின் 'எல்.ஓ.எல்: எங்க சிரி பார்ப்போம்'. ஜப்பானிய நகைச்சுவையாளர் ஹிட்டோஷி மட்சுமோட்டோ 2016ல் தொடங்கிய 'டாக்குமெண்டல்' நிகழ்ச்சியின் தமிழ் வடிவம். பத்து பேரை ஒரு வீட்டுக்குள் அடைத்து, ஆறு மணி நேரம் சிரிக்கக் கூடாது என்பார்கள். மற்றவனைச் சிரிக்க வைக்க வேண்டும், தான் சிரித்துவிடக் கூடாது. முதலில் சிரித்தால் எச்சரிக்கை, மறுபடி சிரித்தால் வெளியே. ஜெயித்தால் 25 லட்சம். பிரேம்ஜி, பவர்ஸ்டார், ஆர்த்தி, ஆர்.ஜே.விக்னேஷ், அபிஷேக் குமார் என்று சினிமா, யூடியூப், மேடை எல்லாம் கலந்த கூட்டம். தொகுப்பாளர்கள் விவேக்கும் மிர்ச்சி சிவாவும். முப்பது வருடம் ஊரையே சிரிக்க வைத்தவருக்குக் கடைசியில் கொடுத்த வேலை, சிரித்தவனைப் பிடித்து வெளியே அனுப்புவது!

ஆனால் பார்த்தவர்களுக்குத் தெரியும். மானிட்டர் முன்னால் உட்கார்ந்து அந்தப் பையன்கள் செய்கிற கூத்தைப் பார்த்து அதிகம் சிரித்தது அவர்தான். ஹ்யூமர் கிளப்பில் காசில்லாமல் ஜோக் சொன்னவர், தனக்கு அடுத்த தலைமுறை அதையே தொழிலாகச் செய்வதை எதிரில் உட்கார்ந்து ரசிக்கிறார்.

நிகழ்ச்சி வெளியானது 2021 ஆகஸ்ட் 27. அப்போது அவர் இல்லை.

2021 ஏப்ரல் 15ல் சென்னையில் அரசு மருத்துவமனைக்குப் போய்க் கொரோனா தடுப்பூசி போட்டுக் கொண்டு, எல்லோரும் போட்டுக் கொள்ளுங்கள் என்று நிருபர்களிடம் சொன்னார். மறுநாள் மாரடைப்பு. 17ஆம் தேதி அதிகாலை இறந்தார். வயது 59. காவல்துறை மரியாதையோடு தகனம் நடந்தது. ஆனால் அதற்குள் வாட்ஸ்அப் வேலையைத் தொடங்கிவிட்டது. "ஊசிதான் கொன்றது" என்று ஊர் முழுக்கப் பரவியது. மூடநம்பிக்கைக்கு எதிராக வாழ்நாள் முழுக்க வசனம் பேசியவரின் மரணமே வதந்திக்குத் தீனி ஆனது. அந்த வருடம் அக்டோபரில் மத்திய அரசின் நிபுணர் குழு, மரணத்துக்குத் தடுப்பூசி காரணமில்லை என்று அறிக்கை கொடுத்தது. வதந்தி போன வேகத்தில் அறிக்கை போகவில்லை. உயிரோடு இருந்திருந்தால் இதை வைத்தே ஒரு டிராக் எழுதியிருப்பார்.

நடித்து வைத்துவிட்டுப் போன படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. 'யாதும் ஊரே யாவரும் கேளிர்' 2023ல், 'இந்தியன் 2' 2024ல். விருகம்பாக்கத்தில் அவர் வீடு இருந்த சாலைக்கு 2022ல் 'சின்னக் கலைவாணர் விவேக் சாலை' என்று பெயர் வைத்தார்கள்.

அஸ்தி பெருங்கோட்டூருக்கு வந்தது. ஊர் மண்ணில் குழி தோண்டி அதைப் போட்டு, மேலே மரக்கன்று வைத்துத் தண்ணீர் ஊற்றினார்கள்.