பாய்ந்தவரும் பாய்வித்தவரும்

தைப்பொங்கல் கழிந்ததும் யாழ்ப்பாணத்துக் கல்லூரி மைதானங்களிலே வெள்ளைச் சுண்ணாம்புக் கோடுகள் தோன்றிவிடும். இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் வரப்போகின்றன என்பதற்கு அதுவே கட்டியம். மாணவர் தத்தம் இல்லங்களை ஓலையாலும் வர்ணக் கடதாசியாலும் சோடித்து வைப்பர். பெற்றாரும் பழைய மாணவரும் பந்தலின்கீழ் அமர்ந்து பார்ப்பர். மாலையிலே வென்றவர் கிண்ணம் பெறுவர். கல்லூரிக் கீதம் பாடி யாவருங் கலைவர். மறுநாட் காலையில் அம்மைதானத்துக்குச் சென்று பார்த்தால், பாய்தற் குழியின் மணலைக் கிளறிச் சமப்படுத்திக்கொண்டு ஒருவர் தனியே நிற்பார். வென்றவனுடைய பெயரை ஊரே அறியும். இவருடைய பெயரை அறிந்தவர் எத்தனை பேர்?

இவ்வினாவை மனத்திற்கொண்டு, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் விளையாட்டு வரலாற்றிலிருந்து சில செய்திகளை எமது சங்கத்து இளைஞர்க்கும் பெரியோர்க்கும் எடுத்துக்கூற விரும்புகின்றோம்.

இந்து இளைஞர் சங்கத்தின் மலரிலே ஒரு மெதடிஸ்த மிஷன் கல்லூரியைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். 1816 ஆம் ஆண்டிலே தோன்றி, பேர்சிவல் பாதிரியார் காலத்தில் மத்திய பாடசாலை என்னும் பெயரைப் பெற்ற அந்தக் கல்லூரியிலேதான் எமது ஆறுமுக நாவலர் அவர்கள் ஆங்கிலம் பயின்றார். பின்னர் அங்கேயே ஆசிரியராயும் இருந்து, 1848 இல் விலகிச் சைவப் பணியில் முழுமையாக இறங்கினார். கல்வியைப் பெற்ற இடத்தை நாவலர் வழிவந்தோர் அந்நியமாக எண்ணுதல் பொருந்தாது. மேலும், விளையாட்டு மைதானத்திலே கோடு கீறும்பொழுது எவரும் சமயங் கேட்டுக் கீறுவதில்லை.

மத்திய கல்லூரிக்கும் பரி. யோவான் கல்லூரிக்கும் இடையிலான துடுப்பாட்டப் போட்டி 1904 ஆம் ஆண்டிலே ஆரம்பமாயிற்று. 'வடக்கின் பெருஞ்சமர்' என்று இன்று யாவரும் அழைக்கும் போட்டி இதுவே. போர்க்காலத்திற் சில ஆண்டுகள் தடைப்பட்டபோதிலும், நூறு போட்டிகளைக் கடந்து இன்றும் நடைபெறுகின்றது. இவ்வாறு நீண்ட காலமாக விளையாட்டைப் பேணி வந்த கல்லூரியிலிருந்தே இலங்கையின் புகழை ஆசியா முழுவதும் பரப்பிய வீரர் ஒருவர் தோன்றினார்.

அவரே நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். 1934 ஆம் ஆண்டிலே பிறந்து, மத்திய கல்லூரியிற் பயின்ற இவர், உயரம் பாய்தலிலே சிறுவயது தொடக்கம் தேர்ச்சி காட்டினார். 1948 ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் போட்டியில் 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்திலே டங்கன் வைற் வெள்ளிப் பதக்கம் பெற்று இலங்கைக்குப் பெருமை தேடித்தந்த செய்தி அக்காலத்து இளைஞர் உள்ளங்களை எல்லாம் கிளறியிருந்தது. நான்கு ஆண்டுகள் கழிந்தன. 1952 ஆம் ஆண்டு ஹெல்சிங்கி நகரத்து ஒலிம்பிக் போட்டிக்கு இலங்கையின் சார்பிலே சென்றபோது எதிர்வீரசிங்கத்துக்குப் பதினெட்டு வயதும் நிறையவில்லை. 1956 இல் மெல்போண் ஒலிம்பிக் போட்டியிலும் அவர் பங்குபற்றினார்.

1958 ஆம் ஆண்டு மே மாதம் டோக்கியோவிலே மூன்றாவது ஆசிய விளையாட்டுப் போட்டி நடைபெற்றது. அங்கே எதிர்வீரசிங்கம் 2.03 மீற்றர், அதாவது ஏறத்தாழ 6 அடி 8 அங்குலம் பாய்ந்து தங்கப் பதக்கம் வென்றார். ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இலங்கை பெற்ற முதலாவது தங்கம் அதுவே. 1962 ஆம் ஆண்டு ஜகார்த்தாவிலே வெள்ளிப் பதக்கமும் பெற்றார்.

டோக்கியோப் போட்டி மே 24 ஆம் திகதி தொடங்கி யூன் 1 ஆம் திகதி முடிந்தது. அந்நாட்களிலேதான் இலங்கையிலே தமிழருக்கு எதிரான கலவரம் மூண்டு பரவியது. மே 27 ஆம் திகதி அவசரகாலநிலை பிரகடனஞ் செய்யப்பட்டது. தமிழர் வீடிழந்தும் உயிரிழந்தும் தவித்த அதே வாரத்தில், தமிழிளைஞர் ஒருவர் இலங்கையின் பெயரைத் தாங்கி நின்று நாட்டுக்கு முதற் பொன்னைத் தேடிக் கொடுத்தார். பெரியோர் பலர் இதனை இன்றும் மறந்திலர். இளைஞரும் அறிந்துகொள்ளுதல் வேண்டும். தமக்கு நேர்ந்த அநீதிக்கு மறுமொழியாகத் தம் கடமையைக் குறைத்துக்கொள்ளாதவர்களும் எம்மிடையே வாழ்ந்தார்கள் என்பதற்கு இது சான்று.

பிற்காலத்தில் அவர் அமெரிக்காவிலே உயர்கல்வி கற்றுக் கோணெல் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றார். ஆபிரிக்காவிலே கல்விப் பணியும் ஆற்றினார். 2024 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலே தமது 89 ஆவது வயதிற் காலமானார்.

நிற்க. உயரம் பாய்தல் அக்காலத்தில் எத்தன்மையதாய் இருந்தது என்பதை இளைஞர் சிலர் அறியார். முதுகு கீழாகத் தடியைக் கடக்கும் முறையை அமெரிக்கராகிய பொஸ்பெரி 1968 ஆம் ஆண்டு மெக்சிக்கோ ஒலிம்பிக்கிலே உலகறியச் செய்தார். அதற்கு முன்னர் பாய்பவர் தடியின்மேல் உடலைப் புரட்டி மணற்குழியிலோ மரத்தூட் குவியலிலோ வந்து விழுந்தனர். இன்றுள்ளது போன்ற தடித்த மெத்தை அன்று இல்லை. மணல் இறுகிக் கிடந்தால் கால் முறியும். ஆகவே ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் குழியைக் கொத்தி மணலை இளக்கவேண்டும். ஒருவர் பக்கத்தில் நின்று, ஓடிவரும் அடிகளை எண்ணி, எந்த இடத்திற் கால் ஊன்றவேண்டுமென்று குறியிடவேண்டும். விழுந்த தடியை எடுத்து மீண்டும் வைக்கவும், பின்னர் அதனை ஓர் அங்குலம் உயர்த்தவும் ஆள் வேண்டும். வீட்டிலே தாயார் முட்டையும் பாலும் தேடிக் கொடுக்கவேண்டும். பிறவூர்ப் போட்டிக்குப் போவதற்குப் பழைய மாணவர் எவரேனும் வழிச்செலவு கொடுக்கவேண்டும்.

இத்தனை பேரும் சேர்ந்து உயர்த்திய உயரமே பதக்கமாகத் திரும்பி வருகின்றது. பாய்ந்தவரின் அளவு மீற்றரிலே எழுதப்படும். பாய்வித்தவரின் உழைப்பை அளக்கக் கோல் இல்லை. அதனாலேயே அது எழுதப்படாமற் போய்விடுகின்றது. எதிர்வீரசிங்கம் என்றவுடன் டோக்கியோ நினைவுக்கு வருகின்றது. அவருக்குத் தடி பிடித்தவர் யார், அடி எண்ணியவர் யார் என்று கேட்டால் நம்மிற் பலர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம்.

முன்னரே எழுதி வைத்தவையும் எமக்கு நிலைக்கவில்லை. மத்திய கல்லூரிக்கு அண்மையிலுள்ள யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 ஆம் ஆண்டு யூன் மாதத் தொடக்கத்தில் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. கோட்டைக்கு அருகிலே இருந்தமையாற் கல்லூரியும் போரிலே பெருஞ் சேதமடைந்தது. 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தனர். கையில் எடுத்த மூட்டையிலே பழைய கல்லூரி மலருக்கும் அணிப் புகைப்படத்துக்கும் இடம் ஏது? கல்லூரியின் பக்கத்திலுள்ள துரையப்பா விளையாட்டரங்கு இந்திய உதவியுடன் திருத்தப்பட்டு 2016 ஆம் ஆண்டு யூன் மாதத்திலே மீண்டும் திறக்கப்பட்டது. அரங்கைப் பணங் கொண்டு திருத்திவிடலாம். எரிந்த ஏட்டிலிருந்த பெயர்களைத் திரும்பப் பெறுவதற்கு முதியோரின் நினைவையன்றி வேறு வழியில்லை.

இருளே எங்கும் என்று சொல்ல வரவில்லை. பாவலர் துரையப்பாபிள்ளை அவர்கள் 1910 ஆம் ஆண்டிலே தெல்லிப்பழையில் நிறுவிய மகாஜனக் கல்லூரி, போர்க்காலத்திலே தன் சொந்த இடத்தை விட்டு இடம்பெயர்ந்து இயங்கியது. அக்கல்லூரி மாணவி அனித்தா ஜெகதீஸ்வரன், 2016 ஆம் ஆண்டையடுத்துப் பெண்களுக்கான கோலூன்றிப் பாய்தலிலே தேசியச் சாதனையைப் பலமுறை தாமே புதுப்பித்தார். அவரது வெற்றி பத்திரிகைகளில் வந்தபோதெல்லாம் பயிற்றுநர் சுபாஸ்கரனுடைய பெயரும் உடன் வந்தது. கோலுக்கும் மெத்தைக்கும் ஆகுஞ் செலவு எளிய பள்ளிக்கூடத்தாற் சுமக்கத்தக்கதன்று. பயிற்றுநரும் ஆதரவாளரும் தோள்கொடுத்தாலன்றி அவ்விளையாட்டு நடவாது. பாய்ந்தவர் பெயரோடு பாய்வித்தவர் பெயரையுஞ் சேர்த்து அச்சிட்டது நல்ல வழக்கம்.

மத்திய கல்லூரியின் கதையும் தொடர்கின்றது. அக்கல்லூரி மாணவரான விஜயகாந்த் வியாஸ்காந்த் 2023 ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டியிலே இலங்கைத் துடுப்பாட்ட அணிக்காக விளையாடினார். 2024 ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்தியப் பிரிமியர் லீக் போட்டியிலே ஐதராபாத் அணிக்காகப் பந்துவீசினார். ஏப்ரலிலே எதிர்வீரசிங்கம் மறைந்தார்; மறுமாதமே அதே கல்லூரியின் மகன் ஒருவன் பெரியதோர் அரங்கிலே கால் வைத்தான்.

இனி எமது கடமை யாது? கல்லூரிகளிலே இல்லங்களுக்குப் பெரியோர் பெயரைச் சூட்டி அவர்களை நினைக்கின்றோம். வென்றவர்க்குப் பொன்னாடை போர்த்துகின்றோம். இவை நல்லனவே. எனினும் விழா முடிந்ததும் ஆடை பெட்டிக்குள் போய்விடும். ஆதலால் எமது சங்கத்து இளைஞர் ஒவ்வொருவரும் இவ்வாண்டு ஒரு சிறு காரியஞ் செய்தல் வேண்டும். தாம் படித்த கல்லூரி எதுவாயினும், அதன் மைதானத்தை அறிந்த ஒரு முதியவரை நாடிச் செல்லுங்கள். பயிற்றுவித்தவர் யார், எந்த ஆண்டுகளில், எதனைக் கற்பித்தார், மைதானத்தைப் பேணியவர் யார், கிண்ணங் கொடுத்தவர் யார் என்று கேட்டு எழுதுங்கள். பழைய அணிப் படம் கிடைத்தால் அதிலுள்ளோர் பெயரைப் பின்புறத்திலே வரிசையாகக் குறித்து வையுங்கள். எழுதியதில் ஒரு பிரதியைக் கல்லூரிக்கும் மற்றொன்றைச் சங்கத்துக்குங் கொடுங்கள். ஒரே இடத்தில் வைத்ததை ஒரே நெருப்பு எரித்துவிடும் என்பதை நாம் கண்டறிந்திருக்கின்றோம்.

பெரியோர்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். இளைஞர் வந்து வாசலிலே நின்று கேட்கும்பொழுது, 'அதெல்லாம் பழங்கதை, தம்பி' என்று அனுப்பிவிடாதீர்கள். உங்கள் நினைவிலே மாத்திரம் உயிரோடிருக்கும் பெயர்கள் பல. அவற்றைச் சொல்லி வையுங்கள். அடுத்த தைமாதத்திலே மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு தோன்றும்பொழுது, அக்கோட்டைக் கீறியவரின் பெயரும் ஏட்டிலே ஏறியிருக்கட்டும்.