ஆயாக் கொட்டகையும் பாலர் பள்ளியும்

பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் பத்துப் பருவங்களை உடையது என்பதைத் தமிழாசிரியர் யாவரும் அறிவர். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் ஏழும் இருபாற் பிள்ளைகளுக்கும் பொது. இறுதி மூன்றே வேறுபடும். கைகளை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை, கைகொட்டுவது சப்பாணி, தளர்நடையிட்டு வருவது வருகை. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் முடிவில் நிற்கும் சிற்றில், சிறுபறை, சிறுதேர் ஆகிய மூன்றும் விளையாட்டைச் சார்ந்தவையே. ஏட்டைத் தொடுமுன்னரே குழந்தை கண்ணாலும் கையாலும் காலாலும் செவியாலும் கற்கிறது என்பதைப் புலவர்கள் கண்டிருந்தனர். குழந்தையைக் காக்க என வேண்டும் காப்பினை அவர்கள் முதற்கண் வைத்தனர். ஆயினும் அதனோடு நின்றுவிடவில்லை. அதன்பின் ஒன்பது பருவங்களைப் பாடினர்.

மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு அந்த ஒன்பது பருவங்களும் எங்கே கழிந்தன? இவ்வினாவுக்கு விடை தேடினால் தமிழ்ப்பள்ளிக்கு முன்னே நின்ற ஆயாக் கொட்டகைக்குத்தான் செல்ல வேண்டும்.

சட்டம் வகுத்த வயது

ஐக்கிய மலாய் மாநிலங்களின் 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமும், பின்னர் வந்த 1923ஆம் ஆண்டுச் சட்டமும், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் உள்ள தோட்டங்களில் பள்ளி அமைய வழி செய்தன. பள்ளி வயது என்பது 7 முதல் 14 வரை. பல தோட்டங்களில் லயத்து அறையே வகுப்பறையாயிற்று. கங்காணியோ, கிராணியோ, எழுதப் படிக்கத் தெரிந்த தொழிலாளியோ பாடம் சொல்லிக் கொடுத்தார். குறைகள் பல இருப்பினும் ஏழு வயதுப் பிள்ளைக்கு ஆசிரியர் என்ற பெயருடைய ஒருவர் இருந்தார். ஏழு வயது நிரம்பாத பிள்ளைக்கு இருந்தவர் ஆயா.

வெயில் ஏறினால் மரத்தில் பால் ஓட்டம் குறையும். ஆதலால் இருள் பிரியுமுன்னரே பெரட்டுக்கு ஆள் கூடியது. தாய் உறங்கும் குழந்தையைத் தோளிற் சுமந்து வந்து கொட்டகையில் விட்டுச் செல்வாள். மரம் வெட்டி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்த பின்னரே திரும்புவாள். அதுவரை பிள்ளை ஆயாவின் பொறுப்பு. மரம் வெட்ட இயலாத முதிய பெண்ணே பெரும்பாலும் ஆயாவாக அமர்ந்தார். சேலைத் தொட்டில் ஆட்டுவதும், பாலோ கஞ்சியோ புகட்டுவதும், தவழும் பிள்ளை கால்வாய்ப் பக்கம் போகாமற் பார்ப்பதும் அவர் வேலை. இலங்கையின் மலையகத் தோட்டங்களில் இதனையே பிள்ளைக் காம்பரா என்றனர்.

கொட்டகை சரிவர நடவாத இடத்தில் மூத்த பெண்பிள்ளை பள்ளியை விட்டு நின்று தம்பி தங்கையரைப் பார்த்துக்கொண்டாள். ஆகவே, கொட்டகையின் தரம் பள்ளியின் வருகைப் பதிவேட்டிலும் தெரிந்தது எனலாம்.

ரப்பர் நாற்றும் குழந்தையும்

இவ்வரலாற்றைச் சுங்கை பூலோவில் நின்று நோக்கினால் ஓர் ஒப்புமை புலனாகும். 1925இல் நிறுவப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைத் தோட்டம் இங்கேதான் இருந்தது. நாற்று வளர்த்தல், ஒட்டுக் கட்டுதல், உரமிடுதல், நல்ல இனம் தேர்தல் ஆகியவற்றை அறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தனர். ரப்பர் மரம் நட்டபின் பால்வெட்டுக்கு வர 6 அல்லது 7 ஆண்டுகள் ஆகும். அந்த இளமைக் காலத்தில் மரத்திற்கு என்ன வேண்டும் என்பது அளந்து குறிக்கப்பட்டது. ஏறத்தாழ அதே ஆண்டுகள்தாம் குழந்தை கொட்டகையிலும் லயத்து வாசலிலும் கழித்தவை. அவ்வாண்டுகளில் குழந்தைக்கு என்ன வேண்டும் என்று பார்த்துக் குறிக்கும் பணியைச் சட்டம் எவரிடமும் ஒப்படைக்கவில்லை.

காப்பு ஒன்றே போதும் என்று கருதினால் என்ன நேரும் என்பதற்குச் சுங்கை பூலோவிலேயே வேறொரு சான்றும் உண்டு. 1930இல் திறக்கப்பட்ட தொழுநோயாளர் குடியிருப்பில் பிறந்த குழந்தைகள், நோய் தொற்றாதிருக்க வேண்டிப் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டுக் குழந்தைகள் இல்லத்தில் வளர்க்கப்பட்டனர். பலர் தத்துக் கொடுக்கப்பட்டனர். அவர்களுட் சிலர் முதுமையை நெருங்கும் வயதிலும் பெற்றோரைத் தேடி வந்தனர். நோக்கம் நல்லதே, ஆனால் பாலும் தொட்டிலும் மட்டுமே குழந்தையின் தேவை அல்ல என்பதை அத்தேடல் உணர்த்துகிறது.

ஒரே சிக்கல், வேறு விடைகள்

வேலைக்குச் செல்லும் தாயின் பிள்ளையை யார் பார்ப்பது என்னும் சிக்கல் தோட்டத்திற்கு மட்டும் உரியதன்று. பாலர் கல்வியின் புகழ்பெற்ற முறைகள் சில இச்சிக்கலிலிருந்தே பிறந்தன. ஸ்காத்லாந்தின் நியூ லானார்க்கில் பஞ்சாலை நடத்திய ராபர்ட் ஓவன், 1816இல் தொழிலாளர் பிள்ளைகளுக்காகப் பள்ளி திறந்தார். அங்கே சிறு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அவர் அமர்த்தியவர் ஜேம்ஸ் புக்கானன் என்னும் நெசவாளரும், மாலி யங் என்னும் பதினேழு வயது ஆலைப் பெண்ணுமாவர். புத்தகத்தால் குழந்தைகளைத் துன்புறுத்தலாகாது. ஆடலும் பாடலும் உரையாடலும் போதும் என்பது ஓவன் கொள்கை.

ரோமாபுரியில் சான் லொரென்சோ என்னும் ஏழைகள் குடியிருப்பில், பெற்றோர் வேலைக்குச் சென்றபின் பிள்ளைகள் சுவர்களைப் பாழாக்கினர். அதைத் தடுக்கவே கட்டட உரிமையாளர் ஓர் அறையை ஒதுக்கினர். அதன் பொறுப்பை ஏற்ற மருத்துவர் மரியா மாண்டிசோரி 1907 ஜனவரி 6ஆம் நாள் அதனைத் திறந்தார். பிள்ளைகளோடு இருந்த பெண்ணும் ஆசிரியப் பயிற்சி பெற்றவர் அல்லர். ஓர் அறை, வேலைக்குச் சென்ற பெற்றோர், பயிற்சியில்லாப் பெண், பல வயதுப் பிள்ளைகள் ஆகிய இவையெல்லாம் ஆயாக் கொட்டகையிலும் இருந்தன. அங்கே கூடுதலாக இருந்தது ஒன்றே: குழந்தை என்ன செய்கிறது என்று பொறுமையாகப் பார்த்துக் குறித்த கண்.

முறைகள் தம்முள் வேறுபடுகின்றன. ஜெர்மனியில் 1837இல் பிளாங்கன்பர்க்கில் பாலர் பள்ளி தொடங்கி, 1840இல் அதற்குக் ‘குழந்தைகள் தோட்டம்’ என்று பொருள்படும் கிண்டர்கார்ட்டன் என்னும் பெயரைச் சூட்டிய பிரோபெல், கூட்டு விளையாட்டையும் பாட்டையும் முதன்மையாக்கினார். மாண்டிசோரியோ, குழந்தை தனக்கு வேண்டிய வேலையைத் தானே தேர்ந்து தனித்துச் செய்ய விட்டார். உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவவும் செய்தார். மணலில் விரலால் எழுதிய திண்ணைப் பள்ளி மரபினர்க்கு இது புதிதன்று. மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாற்றுக்கே வந்து, போர்க்காலம் முழுவதும் இந்தியாவில் தங்கி ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார்.

தோட்டத்திற்கு மிக நெருங்கிய வழியைக் காட்டியவர் தாராபாய் மோடக். மேற்கிந்தியாவில் போர்டியிலும், 1957 முதல் கோஸ்பாட் குன்றிலும், வார்லிப் பழங்குடியினர் குடிசைகளின் முற்றத்திலேயே அவர் பாலர் வகுப்பை நடத்தினார். இலையும் கிளிஞ்சலும் கூழாங்கல்லுமே அவ்வகுப்பின் கருவிகள். அங்கன்வாடி என்பதன் பொருளும் முற்றத்தைச் சார்ந்ததே. ரப்பர்க் கொட்டையை வைத்துப் பல்லாங்குழி ஆடிய தோட்டத்துப் பிள்ளைக்கு எண்ணும் கருவி காலடியிலேயே கிடந்தது. ஆயாவின் நாவில் தாலாட்டும் விடுகதையும் இருந்தன. இவை பாடமாகும் என்று ஆயாவுக்கு எடுத்துச் சொல்வார் இல்லை.

தோட்டம் மறைந்த பின்

பிற்காலத்தில் நிலைமை மாறியது. 1970ஆம் ஆண்டுகளில் கெமாஸ் பாலர் வகுப்புகள் நாட்டுப்புறங்களில் பரவின. 1992 முதல் கல்வி அமைச்சு தொடக்கப்பள்ளிகளோடு பாலர் வகுப்புகளை இணைத்தது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பாலர் கல்வியைத் தேசியக் கல்வி முறையின் பகுதியாக்கியது. 2003இல் தேசியப் பாலர் பள்ளிப் பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆயா இருந்த இடத்தில் பயிற்சி பெற்ற ஆசிரியர் வந்தது பெரும் பேறு.

அதே காலத்தில் தோட்டங்களும் மறையலாயின. சுங்கை பூலோவின் ஆராய்ச்சித் தோட்ட நிலத்தில் குவாசா டாமன்சாரா என்னும் புதுநகர் எழுந்தது. அக்கழகத்தின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளி பழைய உறவை நினைவூட்டுகிறது. கொட்டகையில் பாடம் இல்லாவிடினும் தமிழ் இருந்தது. குழந்தை அழுததும் சிரித்ததும் கேட்டதும் தமிழில். நகரத்துப் பாலர் பள்ளியில் பாடம் இருக்கிறது. ஆயினும் தமிழ் ஒலிக்காத பாலர் பள்ளிகளில் பயிலும் தமிழ்ப் பிள்ளைகள் பலர். அவர்களுட் சிலர் முதலாம் ஆண்டில் தமிழ்ப்பள்ளிக்கு வரும்போது தாய்மொழியையே புதிதாகக் கேட்பவர்போல் வருகின்றனர்.

ஆயாவின் தாலாட்டும் ஆசிரியரின் பயிற்சியும் ஒரே அறையில் சேர்தல் வேண்டும். தமிழ்ப்பள்ளியோடு இணைந்த பாலர் வகுப்பு அத்தகைய அறையாகும். அது இருக்கும் இடத்தில் அதனை நிரப்புவதும், இல்லாத இடத்தில் கேட்டுப் பெறுவதும் பெற்றோர், ஆசிரியர் இரு திறத்தார்க்கும் கடன். காப்பு முதற் பருவமே. பின்னும் ஒன்பது உள.