முஸ்லிம் நேசனும் கொத்துரொட்டியும்

1882இல் அறிஞர் சித்திலெப்பை கண்டியிலிருந்து 'முஸ்லிம் நேசன்' வார இதழை வெளியிட்டார். பள்ளிக்கூடங்களையும் நிறுவியவர் அவர். பத்திரிகை வேறு, படிப்பு வேறு என்று அவர் பிரிக்கவில்லை, நாம்தான் பிரித்துவிட்டோம்.

2018 பெப்ரவரியில், அம்பாறையில் முஸ்லிம் கடையொன்றின் கொத்துரொட்டியில் மலட்டு மாத்திரை கலந்ததாகப் பேஸ்புக்கில் வீடியோ ஓடியது. அரச பகுப்பாய்வாளர் சோதித்துப் பார்த்தார்: வெறும் மாவுக்கட்டி. அறிக்கை வருமுன்னரே கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டுவிட்டன. அடுத்த வாரம் சித்திலெப்பையின் கண்டி மாவட்டத்திலேயே, திகனையில் தீ. அங்கே தொடக்கம் வேறு. வெறுப்பைப் பரப்பிய கருவி அதேதான். அரசாங்கம் சமூக ஊடகங்களைச் சில நாட்கள் முடக்கியது. முடக்கினால் சரியா? பிள்ளைகளுக்கு அதில் என்ன பாடம்?

சாதாரண தரத்துக்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் எடுக்கிற பிள்ளைகள் வேர்டில் அழகாக அடிக்கிறார்கள், எக்ஸெலில் கூட்டுகிறார்கள். "இதை யார் சொன்னது, எப்போ சொன்னது?" என்று கேட்டால், "கூகிள்ல இருந்திச்சு சேர்" என்கிறார்கள். அந்தக் கேள்வி கொம்பியூட்டர் பாடத்துக்குரியதல்ல, வரலாற்றுப் பாடத்துக்குரியது. 2005இல் தொடங்கிய 'நூலகம்' வலைத்தளத்தில் பழைய பத்திரிகைகள் இலவசமாகக் கிடக்கின்றன. ஒரே நாளின் இரண்டு பத்திரிகைகளை எட்டாம் தரத்தில் கொடுத்து, ஒரே செய்தி எங்கே வேறுபடுகிறது என்று பார்க்கச் சொல்லலாம். அதற்குக் கொம்பியூட்டர் அறைகூட வேண்டாம். அச்செடுத்த இரண்டு தாள் போதும்.