எந்தப் புத்தகத்து விபீஷணன்?

1994ஆம் ஆண்டு, பொதுத்தேர்தல் காலம். கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் ஆசிரியபீடத்தில் நான் உதவி ஆசிரியராகச் சேர்ந்து அதிக நாட்கள் ஆகியிருக்கவில்லை. கூட்டமொன்றில் பேசிய அரசியல்வாதி ஒருவர், தம்மோடு முரண்பட்டு மறுதரப்புக்குச் சென்றவர்களை விபீஷணர்கள் என்று சாடியிருந்தார். அச்செய்தியைச் செம்மைப்படுத்தும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது. தலைப்புக்கு ஒதுக்கப்பட்ட இடத்தில் அந்தச் சொல் அளவாகப் பொருந்தியது. மேற்கோள் குறிகூட இடாமல் போட்டுவிட்டேன்.

இரண்டு நாட்களின் பின்னர் முதியவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். சாடப்பட்டவர்களுள் அவரும் ஒருவர். சண்டை பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் அமைதியாகக் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"தம்பி, விபீஷணன் எண்டு தலைப்புப் போட்டிருக்கிறியள். எந்தப் புத்தகத்து விபீஷணனைச் சொல்லுறியள்?"

தமிழை ஒரு பாடமாகப் பயின்று பட்டம் பெற்ற எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த ஆண்டே அவர் நாட்டைவிட்டுச் சென்றுவிட்டதாகப் பின்னர் அறிந்தேன். அந்தக் கேள்வி மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. அதற்கு இப்போதாவது பதில் கூற முயல்கின்றேன்.

முதலில் வான்மீகியின் புத்தகத்தைப் பார்ப்போம். சீதையைத் திருப்பி அனுப்பிவிடுமாறு கூறிய விபீஷணன், சபையில் அவமதிக்கப்பட்டு நான்கு துணைவருடன் கடல் கடந்து இராமனிடம் வருகின்றான். சுக்கிரீவன் அவனை நம்ப மறுக்கின்றான். அப்போது அனுமன் முன்வைக்கும் வாதங்களுள் ஒன்று நம்மைத் திடுக்கிட வைக்கும். வாலியைக் கொன்று சுக்கிரீவனுக்கு முடிசூட்டிய செய்தியை அறிந்து, அதுபோல் தானும் அரசைப் பெறலாம் என்று கருதியே இவன் வந்திருக்கின்றான், ஆகவே ஏற்கலாம் என்கின்றான் அனுமன். இராமனும் அவன் அரசை விரும்புகின்றவன் என்று வெளிப்படையாகவே கூறுகின்றான். போர் தொடங்குமுன்னரே கடல்நீரைக் கொண்டுவரச் செய்து அவனை இலங்கைக்கு அரசனாக அபிஷேகமும் செய்விக்கின்றான்.

இங்கு ஆட்சி விருப்பம் ஒரு குற்றச்சாட்டன்று, நம்புவதற்கான காரணமாகின்றது. இன்ன நன்மையை நாடி வந்தவன் என்று தெரிந்தால் அவன் ஒற்றனல்லன் என்று கொள்ளலாம். இது அரச தந்திரம் அறிந்தவர்களின் கணக்கு. அறமும் ஆசையும் ஒரே மனிதனுள் அருகருகே இருக்கலாம் என்பதை ஏற்க ஆதிகவிக்குத் தயக்கம் இருக்கவில்லை.

அடுத்தது கம்பன். அரசை விரும்பி வந்தான் என்ற காரணத்தைக் கம்பனின் அனுமனும் கூறத்தான் செய்கின்றான். ஆனால் அதனுடன் வேறு பல சாட்சியங்களையும் அடுக்குகின்றான். தூதனைக் கொல்லலாகாது என்று தடுத்தவன் இவன். இரவில் இவனது மாளிகைக்குள் சென்று பார்த்தேன், அங்கே கள்ளும் ஊனும் இல்லை. இவனது மகள் திரிசடையே சீதைக்கு ஆறுதலாக இருந்தவள். இவ்வாறு ஒரு மனிதனின் ஒழுக்கம் முழுவதும் சாட்சிக் கூண்டில் ஏற்றப்படுகின்றது. வான்மீகியில் இல்லாத இரணியன் கதையையும் கம்பன் இவன் வாயிலாகவே இராவணனுக்குச் சொல்ல வைக்கின்றான். தந்தையை எதிர்த்த பிரகலாதனின் வரிசையில் தமையனை எதிர்த்த வீடணன் வந்து நிற்கின்றான். குகனோடு ஐவரான சகோதரர்கள் சுக்கிரீவனோடு அறுவராகி, இவனோடு எழுவராகின்றார்கள். வைணவ மரபு அவனைச் சரணாகதிக்கு முன்மாதிரியாகக் கொண்டாடுவது யாவரும் அறிந்ததே.

மூன்றாவது புத்தகம் நமது நாட்டிலேயே இருக்கின்றது. 15ஆம் நூற்றாண்டில் கோட்டையை ஆண்ட ஆறாம் பராக்கிரமபாகுவின் காலத்தில், தொட்டகமுவே ஸ்ரீ ராகுல தேரர் செலலிஹினி சந்தேசய என்ற சிங்களத் தூதுக் காவியத்தை இயற்றினார். அரசனின் மகளுக்குப் பிள்ளைப்பேறு அருள வேண்டும் என்ற விண்ணப்பத்துடன் ஒரு பறவை களனிக்குத் தூது போகின்றது. அங்கு விண்ணப்பத்தைப் பெறுபவர் விபீஷண தெய்வம். தமையனைக் கைவிட்டவன் என்று நாம் தூற்றும் அதே மனிதன், அங்கே நாட்டைக் காக்கும் தெய்வம். களனி விகாரையில் அவருக்குரிய தேவாலயத்தில் இன்றும் வழிபாடு நடக்கின்றது.

அப்படியானால் துரோகி என்ற பட்டம் எங்கிருந்து வந்தது? விதை பழையதுதான். நிகும்பலையில் வேள்வி செய்துகொண்டிருந்த இடத்துக்கே இலக்குவனை அழைத்து வந்த சிற்றப்பனை, சொந்தத்தை விட்டு அந்நியருக்கு அடிமையானவன் என்று இந்திரஜித்து வான்மீகியிலேயே இகழ்கின்றான். ஆனால் அது தோற்கும் தறுவாயில் நிற்கும் ஒரு பாத்திரத்தின் குரல். 1861இல் வங்காளத்தில் மைக்கேல் மதுசூதன தத்தர் எழுதிய மேகநாத வத காவியத்தில் அந்தக் குரலே காவியத்தின் குரலாக மாறுகின்றது. அங்கே மேகநாதன் ஆயுதமின்றிப் பூசையில் இருக்கும்போது கொல்லப்படுகின்றான். வாசலை மறித்து நிற்பவன் விபீஷணன். தமிழில் 1946இல் வெளிவந்த புலவர் குழந்தையின் இராவண காவியம் இராவணனையே நாயகனாக்கியது. 1948இல் சென்னை அரசாங்கம் அதனைத் தடை செய்தது. 1971இல்தான் தடை நீங்கியது.

இக்காவியங்களை நான் குறைத்து மதிப்பிடவில்லை. தோற்றவனின் பக்கம் நின்று கதையைப் பார்க்கும் துணிவு அவற்றுக்கு இருந்தது. நான் கவனிப்பது வேறொன்றை. ஏறத்தாழ ஒரே நிகழ்ச்சிகளே இப்புத்தகங்களிலும் உள்ளன. சாட்சியங்கள் பெரிதாக மாறவில்லை, நீதிபதிதான் மாறியிருக்கின்றார். அறத்தை அளவுகோலாகக் கொண்ட காலத்தில் அவன் பக்தன். அரசையும் நிலத்தையும் காக்கும் தெய்வம் தேவைப்பட்ட கோட்டையில் அவன் காவலன். இனமும் தேசமும் அளவுகோலான காலத்தில் அவன் துரோகி. ஒருவனின் நோக்கம் இன்னது என்று தீர்ப்புக் கூறும்போது பெரும்பாலும் நமது தேவை எது என்பதையே நாம் வெளியிடுகின்றோம். சிங்கள மக்களிடையேயும் அண்மைக் காலத்தில் இராவணன் வீரநாயகனாகி வருகின்றான். 2019இல் விண்ணுக்குச் சென்ற இலங்கையின் முதற் செய்மதிக்கு இராவணா 1 என்றே பெயரிடப்பட்டது.

காவியத்தில் இத்தகைய தீர்ப்புகளால் யாருக்கும் ஆபத்தில்லை. வாழ்க்கையில் அப்படியல்ல. 1975இல் யாழ்ப்பாணத்தில் மேயர் அல்பிரட் துரையப்பா சுட்டுக்கொல்லப்பட்டார். 1989இல் கொழும்பில் அமிர்தலிங்கம் சுட்டுக்கொல்லப்பட்டார். துரோகி என்ற சொல் முன்னே சென்றது, துப்பாக்கி பின்னே சென்றது. அவர்களுடைய அரசியலோடு உடன்படுவதும் முரண்படுவதும் வேறு விடயம். அவர்கள் ஏன் அவ்வாறு நடந்தார்கள் என்று கேட்பதற்கே இடமில்லாமல் செய்தது அந்தச் சொல். அப்படிப்பட்ட ஒரு நாட்டில்தான் நான் மேற்கோள் குறியின்றி அந்தத் தலைப்பைப் போட்டேன்.

விபீஷணனின் நோக்கத்தைப் பற்றி யாருடைய தீர்ப்பை ஏற்கலாம் என்று இன்று என்னைக் கேட்டால், நான் கம்பனின் கும்பகர்ணனையே காட்டுவேன். அண்ணன் செய்தது பிழை என்று அவனுக்கும் தெரியும், அதை முகத்துக்கு நேரே கூறியவன் அவன். போர்க்களத்தில் தம்பி வந்து இராமனிடம் வந்துவிடுமாறு அழைக்கின்றான். தன்னை நெடுநாள் வளர்த்துப் போர்க்கோலம் செய்து அனுப்பியவனுக்காக உயிரைக் கொடுக்காமல் வரமாட்டேன் என்று கும்பகர்ணன் மறுக்கின்றான். ஆனால் தம்பியைத் துரோகி என்று கூறவில்லை. நீ சென்ற வழி உனக்குத் தகும், இந்த வழி எனக்குத் தகும், குலத்தில் இறந்தவர்களுக்கு எள்ளும் நீரும் இறைக்க நீயாவது உயிரோடு இரு என்கின்றான். இறக்கும் தறுவாயில் அவன் எதிரியிடம் கேட்கும் வரமும் தம்பிக்காகவே. இராவணன் தம்பி என்று இரங்காமல் இவனைக் கொன்றுவிடுவான், உங்களை விட்டு இவன் பிரியாதபடி பார்த்துக்கொள்ளுங்கள் என்று வேண்டுகின்றான்.

அண்ணனின் பக்கம் நின்று சாகின்றவன், பக்கம் மாறிய தம்பியின் உயிருக்காக மன்றாடுகின்றான். விபீஷணனால் அதிகம் இழக்கப்போகின்றவர்களுள் ஒருவன் கும்பகர்ணன். அவனே அவனைத் தூற்றவில்லை.

ஐயா, நான் அன்று போட்ட விபீஷணன் எந்தப் புத்தகத்திலும் இருந்தவனல்லன். மேடையில் ஒருவர் கூறியதை நான் அப்படியே எடுத்துப் போட்டேன். உங்களிடம் நேரில் கூறியிருக்க வேண்டிய பதில் இது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் தாமதமாகிவிட்டது, பொறுத்தருளவும்.